ஆயிரம் பேர் பார்த்தார்கள், வாங்கியவர் எத்தனை பேர்?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கியா பார்ம் சாலையில் வண்டிகள் நகராது. பிரிஞ்சாங்கிலிருந்து மேலே ஏறும் சாலையில் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசை பிடித்து நிற்கும். அந்தச் சந்தையில் என் அம்மாவுக்கு ஒரு சிறிய கடை உண்டு. ஸ்ட்ராபெரி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இனிப்புச் சோளம், தேயிலைப் பொட்டலம் எல்லாம் விற்கிறார். பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் திரும்பினால் எனக்கும் அங்கேதான் வேலை.

சென்ற விடுமுறையில் கடையைக் கட்டும்போது அம்மா கேட்டார்: "இன்னைக்கு நம்ம ஸ்ட்ராபெரியை நூறு பேராச்சும் படம் புடிச்சிருப்பாங்க. அதுல வாங்குனது எத்தனை பேருன்னு நினைக்கிற?"

நான் தொடர்பியல் துறையில் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் விரிவுரையாளர்கள் ஒரு பருவம் முழுக்கக் கற்பித்ததை அம்மா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். சமூக ஊடகத்தில் ஒன்றைப் பார்ப்பவர் பலர். அவர்களில் சிலர் 'லைக்' போடுவார்கள், கருத்து எழுதுவார்கள். எழுந்து ஒரு காரியம் செய்பவர் மிகச் சிலரே. பார்வை, ஈடுபாடு, செயல் என்று இவற்றை மூன்று படிகளாகச் சொல்லலாம். வணிக நிறுவனங்களும், திருவிழா நடத்துபவர்களும், தொண்டு அமைப்புகளும் நம்மை முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு அழைத்துச் செல்லத்தான் இவ்வளவு பாடுபடுகிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்பது மாணவர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இன்று ஒவ்வொரு சங்கத்திலும் 'ஊடகப் பொறுப்பு' நம் தலையில்தான் விழுகிறது.

குப்பைக்குப் போன முட்டைக்கோஸ்

2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அப்போது நான் மூன்றாம் படிவ மாணவி. உணவகங்களும் இரவுச் சந்தைகளும் மூடப்பட்டன. காய்கறி லோரிகள் முன்போல் ஓடவில்லை. ஆனால் தோட்டத்தில் விளைந்த காய்கறிக்கு ஆணை தெரியுமா? கேமரன் மலை விவசாயிகள் அறுவடை செய்த காய்கறிகளை வாங்க ஆளில்லாமல் கொட்டினார்கள். அந்தப் படங்கள் செய்திகளிலும் முகநூலிலும் வேகமாகப் பரவின.

என் மாமாவும் கொட்டினார். அவர் முட்டைக்கோஸைக் கொட்டியபோது எடுத்த படத்தைப் புலனத்தில் பகிர்ந்தோம். எங்கெங்கிருந்தோ அழும் முகங்களும் கைகூப்பும் சின்னங்களும் வந்து குவிந்தன. "ஐயோ பாவம்" என்று எழுதியவர்கள் பலர். ஆனால் ஒரு கிலோ முட்டைக்கோஸ்கூட விற்கவில்லை. மனமில்லாமல் இல்லை, எப்படி வாங்குவது என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் ஈப்போவில் இருந்த என் பெரியம்மா மகள். அவர் மாமாவின் படத்தை எடுத்துவிட்டு, ஐந்து வரியில் ஒரு செய்தி எழுதினார். பெட்டியில் என்னென்ன காய்கள், மொத்த எடை எவ்வளவு, விலை எத்தனை வெள்ளி, ஈப்போவில் எந்தெந்தத் தாமானுக்குக் கொண்டு வருவோம், எந்தக் கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த வாரமே லோரி நிறைய ஆர்டர் வந்துவிட்டது. லோரி காலியாகத் திரும்பிய படத்தையும் அக்கா அதே குழுக்களில் போட்டார். அடுத்த வாரம் ஆர்டர் இன்னும் கூடியது.

எங்கள் வீட்டில் சிறிய அளவில் நடந்தது நாட்டிலும் பெரிய அளவில் நடந்தது. லஸாடா போன்ற இணைய விற்பனைத் தளங்கள் கேமரன் மலை விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு, காய்கறிகளை நேரடியாக வீடுகளுக்கு விற்க வழி செய்தன. கொட்டப்பட்ட காய்கறியின் படம் மக்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது. வாங்கும் வழி கிடைத்த பிறகே காய்கறி நகர்ந்தது.

மலை தானே விளம்பரம் செய்கிறது

கியா பார்ம் பக்கத்திலிருந்து ஒரு குறுகலான சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிகிறது. 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. அங்குள்ள தேயிலை மையத்தில் பள்ளத்தாக்கின் மேல் நீண்டு நிற்கும் ஒரு பார்வை மேடை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அந்த மேடையில் நின்று படம் எடுக்கிறார்கள். பச்சை மலை பின்னால், கையில் ஒரு கோப்பைத் தேநீர். அந்தப் படம் இன்ஸ்டகிராமில் ஏறும்போது நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லாமல் விளம்பரம் ஆகிறது. வாடிக்கையாளரையே விளம்பரதாரராக மாற்றுவது என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். இன்று பல கடைகளும் உணவகங்களும் 'படம் எடுக்க ஒரு மூலை' வைத்திருப்பதற்குக் காரணமும் இதுதான்.

இதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. முகநூலும் இன்ஸ்டகிராமும் டிக்டாக்கும் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. விளம்பரம் கொடுப்பவர்களிடம் வாங்குகின்றன. நாம் எவ்வளவு நேரம் திரையில் இருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம் நமக்குக் காட்டலாம். ஆகவே எந்தப் பதிவில் மக்கள் நின்று பார்க்கிறார்கள், எதற்குக் கருத்து எழுதுகிறார்கள், எதைப் பகிர்கிறார்கள் என்று தளம் கவனித்து, அத்தகைய பதிவை மேலும் பலருக்குக் கொண்டு போகிறது. "உங்களுக்குப் பிடித்தது தே தாரேக்கா, தே ஓவா?" என்று ஒரு தேநீர் நிறுவனம் கேட்டால், நம் ருசியை அறியும் ஆசை மட்டும் அதில் இல்லை. நாம் எழுதும் ஒவ்வொரு பதிலும் அந்தப் பதிவை இன்னொருவர் திரைக்குத் தள்ளுகிறது.

இது தவறு என்று நான் சொல்லவில்லை. அம்மா "வாங்க, ருசி பாருங்க" என்று கூப்பிட்டு ஒரு துண்டுச் சோளம் கொடுப்பதும் இதே வித்தைதான். ஆனால் நாம் என்ன செய்து கொண்டிருக்கிறோம் என்று தெரிந்து செய்வது நல்லது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். தேயிலை மலைப் படங்களில் மலை இருக்கும், பனி இருக்கும், கோப்பை இருக்கும். கொழுந்து எடுக்கும் ஆளை அதிகம் பார்க்க முடியாது. எங்கள் பாட்டி காலத்தில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கையால் கொழுந்து எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கத்தரியும் இயந்திரமும்தான். அவற்றைப் பிடித்திருக்கும் கைகளில் பல, வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் கைகள். படத்தில் எது வருகிறது என்பதோடு எது வரவில்லை என்பதையும் பார்க்கப் பழகுவது ஊடகக் கல்வியின் ஒரு பகுதி.

பண்டிகை வந்தால் கண்ணீர் வரும்

தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வந்துவிட்டால் நம் நாட்டு நிறுவனங்கள் குறும்படம் எடுக்கத் தொடங்கிவிடும். இந்த வழக்கத்தை வளர்த்ததில் இயக்குநர் யாஸ்மின் அகமட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1996 முதல் பெட்ரோனாஸ் நிறுவனத்துக்காக அவர் பண்டிகை விளம்பரங்களை எடுத்தார். அவற்றில் பெட்ரோலைப் பற்றிப் பேச்சே இருக்காது. குடும்பம், முதுமை, பிள்ளைகளின் நட்பு என்று நம் வீட்டுக் கதைகள்தாம் இருக்கும். அவர் 2009-இல் மறைந்தார். தொலைக்காட்சிக்காக எடுத்த அந்தப் படங்களை இன்றும் மக்கள் யூடியூப்பில் தேடிப் பார்த்துப் பகிர்கிறார்கள்.

அதே பாதையில் போய்ச் சறுக்கியவர்களும் உண்டு. 2017 ஜூன் மாதம் நோன்புப் பெருநாளை ஒட்டி வாட்சன்ஸ் மலேசியா ஒரு காணொளியை வெளியிட்டது. அதில் ஒரு பெண்ணின் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, அவளைப் பார்த்து மற்றவர் அதிர்ச்சி அடைவதாகவும், சாயம் போனதும் அவள் அழகியாகிவிடுவதாகவும் காட்டினார்கள். சமூக ஊடகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்டது. அந்தக் காணொளிக்குப் பார்வையும் கருத்தும் ஏராளமாகக் கிடைத்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதுவும் பெரிய வெற்றிதான்! ஈடுபாடு என்பதை எண்ணால் மட்டும் அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

எங்கள் பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு முதல் ஆண்டில் நாங்கள் அழகான ஒரு காணொளி தயாரித்தோம். மேலிருந்து எடுத்த காட்சி, துள்ளல் இசை எல்லாம் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். விழா அன்று பாதி நாற்காலி காலி. மறு ஆண்டு காணொளியைச் சுருக்கிவிட்டு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தோம்: "ஒரு பிடி அரிசியும், பொங்கல் என்றால் என்னவென்று தெரியாத ஒரு நண்பரும். இரண்டையும் அழைத்து வாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் பானை ஏறும்." அரிசியைச் சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு மலாய்த் தோழியையும் சீன நண்பரையும் இழுத்து வந்தார்கள். பானை போதவில்லை. பக்கத்து விடுதிச் சமையலறையில் இன்னொன்று கடன் வாங்கினோம்.

ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வெள்ளைத் துணியும்

தொண்டு அமைப்புகளின் கதையில் எல்லாரும் முதலில் சொல்வது 2014-ஆம் ஆண்டின் 'ஐஸ் வாளிச் சவால்'. தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்காக நிதி திரட்டிய முயற்சி அது. தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நன்கொடை தர வேண்டும். பிறகு பெயர் சொல்லிச் சிலரை அழைக்க வேண்டும். அவர்களுக்கு 24 மணி நேரம் கெடு. தண்ணீர் ஊற்றிக்கொண்டதோடு நின்றுவிட்டவர்கள் பலர், இது வெறும் விளையாட்டு என்று குறை கூறியவர்களும் பலர். இருந்தும் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு எட்டு வாரத்தில் 115 மில்லியன் டாலர் சேர்ந்தது. அந்த நிதியின் துணையோடு நடந்த ஆய்வில், இந்நோயோடு தொடர்புடைய ஒரு மரபணுவை அடையாளம் கண்டதாக 2016-இல் செய்தி வந்தது. "எல்லாரும் உதவுங்கள்" என்றால் யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார். பெயர் சொல்லி, நேரம் குறித்து, செய்ய வேண்டியதை ஒன்றாகச் சுருக்கினால் மனிதன் அசைவான்.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் 'கித்தா ஜாகா கித்தா' என்ற முயற்சியைத் தொடங்கினார். உதவ நினைப்பவர் எந்த அமைப்பை அணுகலாம், உதவி வேண்டுபவர் எங்கே போகலாம் என்பதை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்தது அது. 'நம்மை நாமே காப்போம்' என்று பொருள்படும் அந்தப் பெயரே நாடு முழுக்கப் பரவியது.

2021 ஜூன் மாதம் நாடு மீண்டும் முழுமையாக முடங்கியது. வருமானம் இழந்த குடும்பங்கள் பல. அந்த மாதக் கடைசியில் சமூக ஊடகத்தில் ஒரு செய்தி பரவியது: உணவு இல்லையா, வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டுங்கள், யாரிடமும் கையேந்த வேண்டாம். அதுதான் 'பெண்டேரா பூத்தே' இயக்கம். கொடியைப் பார்த்த அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டு போய்க் கொடுத்தார்கள். கொடி பறக்கும் இடங்களையும் உணவு வங்கிகளையும் வரைபடத்தில் காட்டும் செயலிகளைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். கைப்பேசியே இல்லாத வீடுகூட ஒரு பழைய துணியால் செய்தி சொல்ல முடிந்தது. துணியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் அந்த வீட்டாரின் முடிவு.

தமிழ்நாட்டில் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னை இளைஞர்கள் டுவிட்டரையும் முகநூலையும் கொண்டு படகு, உணவு, தங்குமிடம் எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தார்கள். அங்கே ஒரு சிக்கலும் எழுந்தது. உதவி கிடைத்துவிட்ட பிறகும் பழைய வேண்டுகோள்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்துச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பகிரும் செய்தியில் தேதியும் நேரமும் போடுவது எவ்வளவு முக்கியம் என்று அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பாட்டி என்னிடம் கேட்டது

இவ்வளவு எழுதும் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது.

சென்ற ஆண்டு நானும் நண்பர்கள் சிலரும் தோட்டப்புறத்து முதியவர்களுக்கு உணவுக்கூடை கொடுக்க நிதி திரட்டினோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பல ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர், தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனேன். "படம் எடுக்கலாமா பாட்டி?" என்று கேட்டேன். "எடும்மா" என்றார். ஒழுகும் கூரை, காலி அரிசி வாளி, அவர் கைகள், கடைசியில் அவர் முகம். சோக இசை சேர்த்து டிக்டாக்கில் போட்டேன். மூன்றே நாளில் நினைத்த தொகை வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

நான்காம் நாள் பாட்டி கூப்பிட்டு அனுப்பினார். ஜொகூரில் வேலை செய்யும் அவர் மகனுக்கு அந்தக் காணொளியை யாரோ காட்டியிருக்கிறார்கள். "அம்மாவைக் கவனிக்காத பிள்ளை" என்று உடன் வேலை செய்பவர்கள் பேசியிருக்கிறார்கள். அவர் மாதாமாதம் பணம் அனுப்புகிறவர் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"படிப்புக்குத்தான் எடுக்கிறன்னு நினைச்சேன். ஊர் முழுக்க என் கூரையைக் காட்டச் சொன்னேனாம்மா?" என்று பாட்டி கேட்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாமாக இருந்திருக்கும்.

அன்றே காணொளியை நீக்கினேன். ஆனால் அதற்குள் வேறு சிலர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினேன். சிலர் நீக்கினார்கள், சிலர் பதிலே போடவில்லை. படம் எடுக்க அனுமதி கேட்டேனே தவிர, அதை எங்கே போடுவேன், யார் பார்ப்பார்கள், எதற்காக என்று நான் சொல்லவே இல்லை. அது அனுமதி ஆகாது.

இந்த ஆண்டு மறுபடி திரட்டினோம். யாருடைய முகமும் இல்லை. ஒரு கூடையில் என்னென்ன பொருள், எவ்வளவு விலை, எத்தனை கூடை தேவை, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதினோம். தினமும் இரவு, இன்று எத்தனை கூடை சேர்ந்தது என்று போட்டோம். முடிந்ததும் கடை ரசீதுகளையும் வெளியிட்டோம். உண்மையைச் சொல்கிறேன், போன முறை மூன்று நாளில் வந்த தொகை இந்த முறை வர மூன்று வாரம் ஆனது. பார்த்தவர்களும் மிகக் குறைவு. ஆனாலும் எல்லாக் கூடையும் நிறைந்தது. கொடுத்தவர்களில் பலர் "அடுத்த முறையும் சொல்லுங்கள்" என்று எண் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாட்டி வீட்டுக்கும் ஒரு கூடை கொண்டு போனேன். வாங்கிக்கொண்டு, "இதை எங்கம்மா போடப் போற?" என்று கேட்டார். "எங்கேயும் இல்லை பாட்டி" என்றேன்.

அடுத்த பதிவுக்கு முன்

நண்பர்களே, உங்கள் பள்ளிக் கழகத்துக்கோ, ஆலயத் திருவிழாவுக்கோ, வீட்டு வியாபாரத்துக்கோ நீங்கள் பதிவு போடும் நாள் வரும். எனக்கு நானே எழுதி வைத்திருக்கும் நான்கு கேள்விகளை உங்களோடு பகிர்கிறேன்.

ஒன்று, இதைப் பார்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? அதை ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் பதிவு இன்னும் தயாராகவில்லை.

இரண்டு, எங்கே, எப்போது, எவ்வளவு, யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரங்களும் இன்றைய தேதியும் இருக்கின்றனவா?

மூன்று, படத்தில் இருப்பவர் இதைத் தன் உறவினர் அனைவரும் பார்க்கச் சம்மதிப்பாரா? அவரிடம் அப்படிச் சொல்லியே கேட்டோமா?

நான்கு, முடிந்த பிறகு என்ன ஆனது என்று திரும்பி வந்து சொல்வோமா? நம்மிடம் பணமோ நேரமோ கொடுத்தவருக்கு அதை அறியும் உரிமை உண்டு.

பதிவு போடாமல் பார்க்க மட்டும் செய்பவர்களும் இதே கேள்விகளை எதிர்ப்பக்கமிருந்து கேட்கலாம். ஒரு காணொளி உங்களை அழ வைத்தால், பகிரும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். யார் திரட்டுகிறார்கள், பணம் யார் கணக்குக்குப் போகிறது, இது எந்த ஆண்டுப் படம்?

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் காலை ஒரு அட்டையில் மும்மொழியிலும் எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டேன். ஸ்ட்ராபெரி விலை, நாளைக்குப் பறிப்பதை இன்றே சொல்லி வைக்கலாம் என்ற செய்தி, அம்மாவின் புலன எண். வழக்கம்போல் மக்கள் ஸ்ட்ராபெரியைப் படம் எடுத்தார்கள். இந்த முறை படத்தில் அட்டையும் சேர்ந்து விழுந்தது. அன்று இரவு கோலாலம்பூரிலிருந்து ஒருவர், தாம் கடைக்கு வரவில்லை, நண்பர் போட்ட படத்தைப் பார்த்தேன் என்று செய்தி அனுப்பி, அடுத்த வாரம் வரும்போது மூன்று பெட்டி எடுத்து வைக்கச் சொன்னார்.

"மூணு பெட்டி" என்று அம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். 'லைக்' எத்தனை என்று அவர் கேட்கவில்லை.